பேச்சுக்கு ஒரு மாப்பிள்ளை

கோவில்பட்டி வழி
15-6-86

குருவி,

நீ இன்ஜினீயர் ஆகி, அதற்கும் மேலே படிக்கப் போன பிறகும் இந்தப் பேர்தான் கையில் வருகிறது. கவர் மேலே மாயகிருஷ்ணன் என்று ஒழுங்காக எழுதியிருக்கிறேன், பயப்படாதே. நானும் வேலுத்தாயும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். உனக்கு மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

உன் அத்தான் கிணற்று வெடியில் போய் இரண்டு மாசம் ஆகப்போகிறது. அந்தக் கிணற்றை இன்னும் மூடவில்லை. வெடி வைத்துப் பிளந்த கல் எல்லாம் மேட்டிலேயே கிடக்கிறது. புஞ்சைக்கு அதுதான் வழி. நான் ஓடையைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நேற்று கயத்தாற்றிலிருந்து நாத்தனார் பாலம்மாள் வந்தாள். அண்ணன் செத்த வீடு என்று முதலில் அழுதாள். அழுது முடித்ததும் மடியிலிருந்து பூவை எடுத்து வேலு தலையில் வைத்து, "ஏட்டி எம் மருமவளே" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அவள் மகன் சோலைச்சாமி லாரி ஓட்டுகிறான் இல்லையா, அவனுக்குக் கேட்கிறாள். மாமனார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காபி போடச் சொன்னார். போட்டேன்.

வேலு பத்தாவதில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அத்தான் கடைசியாகக் கோவில்பட்டி போனபோது அவளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். அவள் படித்து டீச்சர் ஆகவேண்டும் என்று அவருக்கு.

மாமா என்ன படிக்கிறார் என்று கேட்கிறாள். என்னமோ மெஷின் என்றேன். "தையல் மெஷினாம்மா?" என்கிறாள். அவளுக்காவது விளங்கும்படி எழுது.

அக்காள் பெருமாயி


சென்னை
4-7-86

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகிற வழியில் நின்றே படித்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் பக்கம் மழை பெய்யாததற்கு ஈடாக ஹாஸ்டல் சாம்பாரில் தண்ணீர் ஓடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மாமாவும் அத்தையும் எப்படி இருக்கிறார்கள்?

வேலுவிடம் சொல், தையல் மெஷின் இல்லை, கம்ப்யூட்டர். இந்த வருஷம் புதிதாகச் செயற்கை அறிவு என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். ஆரம்பப் பாடம்தான். மனுஷன் யோசித்துச் செய்கிற காரியத்தை மெஷினைக் கொண்டு செய்யவைக்க முடியுமா என்று பார்ப்பது. அது இருக்கிற அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே மார்கழிக் குளிர். அதற்கு வியர்க்கக் கூடாதாம், நாங்கள் நடுங்கலாமாம்.

ஆளுக்கு ஒரு விளையாட்டை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் புரொபசர். மற்றவர்கள் செஸ், சீட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஆடுபுலி ஆட்டம் என்றேன். சிரித்தார்கள். புரொபசர் சிரிக்கவில்லை, கட்டம் போட்டுக் காட்டச் சொன்னார்.

நம் ஊர் புதூரில் நாம் ஆடும்போது நீ ஆடு வைத்தால் என் புலி மூன்றும் நகர வழியில்லாமல் அடைபட்டுப் போகும். எப்படி அடைத்தாய்? ஆட்டை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்வாய்? யோசித்து எழுது.

பாலம்மாள் பேச்சைக் காதில் வாங்காதே. யாராவது கேட்டால் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிடு.

தம்பி
மாயகிருஷ்ணன்


கோவில்பட்டி வழி
22-7-86

குருவிக்கு,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. களை எடுக்கப் போய்விட்டு வந்து எழுத நினைப்பேன், அதற்குள் மாமியார் கூப்பிடுவாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் அறைக்குப் போகும்போது தலையில் துண்டு கட்டிக்கொள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

எப்படி அடைத்தேன் என்று கேட்கிறாய். யோசித்தெல்லாம் வைத்ததில்லை. புலியைத் தொட்டதும் உன் நாக்கு வெளியே வரும். எந்தப் பக்கம் நீ பாயப்போகிறாயோ அந்தப் பக்கம் நாக்கு திரும்பும். நான் அந்த வழியில் ஆட்டை வைப்பேன். உன் மெஷினுக்கு நாக்கு இருக்கிறதா?

பரீட்சை என்று சொல்லச் சொன்னாய். சொன்னேன். "பரீச்ச எழுதி கலெட்டர் ஆவப்போறாளோ?" என்று மாமியார் கேட்டாள். மாமனார் மட்டும் நிதானமாகப் பேசினார். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடந்தாக வேண்டும், தவறினால் மூன்று வருஷம் எதுவும் செய்யக்கூடாது என்று சொல்கிறார். நம் பக்கம் எல்லோரும் பார்க்கிறதுதான். இந்த வீட்டில் கல்யாணம் ஆகாதது வேலு ஒருத்திதான்.

நான் வாய் திறக்க முடியாது. தாலி இழந்தவள் கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்தில் நிற்கவே கூடாது என்று அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கேட்கிறேன். பானை மூடி விழுந்தால்கூட, "என்னட்டி, கோவத்தக் காட்டுதியா?" என்கிறாள் மாமியார்.

வேலு பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

பெருமாயி


சென்னை
11-8-86

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். துண்டு கட்டிக்கொண்டு போனேன். இப்போது வகுப்பில் பாதிப் பேர் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மெஷினுக்கு நாக்கும் தெரியாது, முகமும் தெரியாது. அதனால் வேறு வழி. இப்போது காய் இருக்கிற இருப்பிலிருந்து நான் என்னவெல்லாம் செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் எதிராளி என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன் என்று மரம் கிளைவிடுகிற மாதிரி விரித்துக்கொண்டே போகவேண்டும். எதிராளி நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது. நமக்கு எது கெடுதலோ அதைத்தான் செய்வான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் எந்தக் கிளையில் சேதம் குறைவோ அந்தக் கிளையில் போகவேண்டும். இதுதான் பாடம். எளிதாகத் தெரிகிறது, ஆனால் கிளை பெருகிப்பெருகி மெஷினே திணறுகிறது. ஆகவே ஒரு அடியோ இரண்டு அடியோ பார்த்ததும் போதும் என்று நிறுத்திவிடுகிறோம்.

வேலு விஷயத்தில் ஏன் பயப்படுகிறாய்? தாய்மாமன் நான் குத்துக்கல்லாக இருக்கிறேன். என்னைக் கேட்காமல் யார் என்ன செய்துவிட முடியும்?

மாயன்


கோவில்பட்டி வழி
30-8-86

குருவி,

நீ நல்லபடியாக இருக்க அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

வருகிற தையில் கல்யாணம் என்று சோலைச்சாமிக்கு வேலுவைக் கேட்டுப் பூ வைக்க, புரட்டாசி கழிந்ததும் நாத்தனார் ஆட்களோடு வருகிறாள். அவனுக்கு வயது இருபத்தேழு. அவன் வந்திருந்தபோது வேலு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "பத்தாவதுன்னா இங்கிலீசுல என் வண்டி போர்டப் படிப்பியா?" என்று கேட்டான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் அடுப்படிக்கு வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளையில் நின்ற மாதிரி.

நீ எழுதியதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் என்று எழுதினாய். அத்தை மகன் எவ்வளவு உரிமை கொண்டாடினாலும், "எனக்கு வேணும்" என்று தாய்மாமன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைத் தாண்டி எவனும் பாக்கு மாற்ற முடியாது. மாமனாருக்கு நீ ஒரு கடிதம் எழுது. வேலுவை நானே கட்டிக்கொள்கிறேன், என் படிப்பு முடியட்டும், அதுவரை அவளும் படிக்கட்டும் என்று எழுது. நிஜமாகக் கட்டவேண்டாம் தம்பி. பேச்சுக்குத்தான். பரீட்சை தாண்டட்டும், வருஷமும் திரும்பிவிடும், பிறகு மூன்று வருஷம் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குள் அவள் டீச்சர் படிப்பு முடித்துவிடுவாள்.

கூச்சமாக இருக்கும். எனக்கும்தான்.

பெருமாயி


சென்னை
28-9-86

மதிப்பிற்குரிய வன்னியபெருமாள் மாமா அவர்களுக்கு,

மாயகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியவர்கள் யாரும் என் பக்கம் இல்லாததால் நானே எழுதவேண்டியதாகிவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும். வேலுத்தாயை நான் கட்டிக்கொள்வது என்று இருக்கிறேன். என் படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் முறைப்படி வந்து கேட்பேன். அதுவரை அவள் படிப்பை நிறுத்த வேண்டாம். பத்தாவது முடித்ததும் மெட்ராஸுக்கு அழைத்துவந்து நான் மேலே படிக்கவைப்பேன்.

தங்கள் பணிவுள்ள
மாயகிருஷ்ணன்

அக்கா, இது உனக்கு மட்டும்: இதை எழுத ஒரு மாசம் ஆகிவிட்டது. அவளை இடுப்பில் தூக்கித் திரிந்தவன் நான். இந்தத் துண்டைக் கிழித்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் கொடு. வேலுவிடம் உண்மையைச் சொல்லிவிடு.


கோவில்பட்டி வழி
24-10-86

என் குருவிக்கு,

உனக்கு ஆயுசு நூறு. மாமனார் கடிதத்தை வீட்டில் வைத்துப் படிக்கவில்லை. டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் சிவனாண்டியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாராம். முடிந்ததும், "இன்னொரு மட்டம் படிங்க அண்ணாச்சி, மழச் சத்தத்துல கேக்கல" என்றாராம். மழை அப்போது தூறல்தான் போட்டது.

நாத்தனார் பூக்கூடையோடு வந்து கூடையோடு போனாள். "மெட்ராசுக்காரன் வந்து கட்டுவான், பாத்துக்கிட்டே இருங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கரிசல் சேற்றில் அவள் செருப்பு அறுந்து போயிற்று. நான் சிரித்தேன். அத்தான் போன பிறகு முதல் தடவை.

வேலுவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் வாயில் பேச்சு நிற்காது, பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது உளறிவிடுவாள். பரீட்சை முடிந்து சொல்கிறேன். நீ படி.

பெருமாயி


கோவில்பட்டி வழி
5-11-86

குருவி,

நலமா? உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

மாமனார் தை பதினைந்துக்கு நாள் குறித்துவிட்டார். சோலைச்சாமிக்கு இல்லை. உனக்கு.

"இன்ஜினீயர் மாப்பிள்ள வாரேன்னு எழுத்துல எழுதிக் கொடுத்திருக்கான். படிப்பு முடியட்டும், வேல கெடைக்கட்டும்னு எதுக்கு இழுக்கணும்? தாலியக் கட்டிட்டுப் படிக்கட்டும். வருசத்துக்குள்ள நல்லதும் நடந்துரும்" என்கிறார். அவருக்கு மகள் வயிற்றுப் பேரன்மேல் பெரிய பிரியம் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு வேண்டியது வருஷத்துக்குள் ஒரு கல்யாணம், அவ்வளவுதான். மாப்பிள்ளை யாராக இருந்தால் என்ன. நீ கிடைத்ததில் பெருமை வேறு.

நேற்றிலிருந்து வேலுவைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. பேசி முடித்த பெண் பஸ்ஸில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு போனால் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை இல்லையாம். மாப்பிள்ளை வீடு என்றால் நான்தான் தம்பி. உனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நாம் அவளை நிறுத்திவிட்டோம். சீக்கிரம் எழுது.

பெருமாயி


சென்னை
19-11-86

அக்கா,

படித்தேன். வேறு விசாரிக்கத் தோன்றவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

என் ஆட்டத்தை வகுப்பில் போட்டுக்காட்டினேன். தோற்றுப்போயிற்று. ஒரு அடி மட்டும் பார்த்து நிறுத்தியதால் என்றுதான் நினைத்தேன். புரொபசர் பார்த்துவிட்டு, "அது இல்லை. எதிராளிக்கு என்ன வேண்டும் என்று நீ எழுதிவைத்ததே தப்பு. தப்பாக எழுதியபின் நூறு அடி பார்த்தாலும் தப்பாகத்தான் பார்க்கும்" என்றார். உன் கடிதம் அப்போது சட்டைப்பையில் இருந்தது.

மாமாவுக்கு உண்மையை எழுதிவிடுகிறேன். சரி என்று ஒரு வரி போடு.

மாயன்


கோவில்பட்டி வழி
2-12-86

குருவி,

எழுதிவிடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

சொந்த மாமனே வேண்டாம் என்று சொன்ன பெண் என்று ஊர் பேசும். என்ன குறையோ என்பார்கள். நாத்தனார் அப்போது வந்து, போனால் போகிறது என்று எடுத்துக்கொள்வாள். காலம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவாள். முன்னால் நம்மிடம் ஒரு வழி இருந்தது, சும்மா மறுப்பது. அதையும் நான்தான் அடைத்தேன்.

இன்னொன்று. வேலு உன் கடிதத்தைத் தாத்தாவிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறாள். உன்மேல் ஆசை என்று நினைத்துவிடாதே, அவளுக்கு அந்தப் புத்தி இன்னும் வரவில்லை. மெட்ராஸுக்கு அழைத்துவந்து மேலே படிக்கவைப்பேன் என்று எழுதினாய் அல்லவா? அந்த வரியைத்தான் படிக்கிறாள். "மாமா வீட்டுக்குப் போனா காலேசே பக்கத்துலதானம்மா? நடந்தே போவலாம்லா?" என்று கேட்கிறாள். பள்ளிக்கூடம் நின்றதைப் பற்றிக்கூட அவள் அழவில்லை.

உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். உலை வைக்கவே இல்லை.

பெருமாயி


சென்னை
6-1-87

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாசம் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எல்லாக் கிளையிலும் போய்ப் பார்த்துவிட்டேன். தை பதினைந்துக்கு வருகிறேன். மாமாவிடம் சொல்லிவிடு. அவளை நிச்சயம் படிக்கவைப்பேன்.

வேட்டி சட்டை நானே வாங்கிக்கொள்கிறேன்.

மாயகிருஷ்ணன்


கோவில்பட்டி
29-3-87

குருவி,

தை பதினைந்துக்கு வராதே என்று நான் தந்தி கொடுத்தபிறகு நீ எழுதிய கடிதம் எல்லாம் ஊர் விலாசத்துக்குப் போய், தபால்காரர் புண்ணியத்தில் நேற்றுத்தான் கைக்கு வந்து சேர்ந்தது. என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று எல்லாவற்றிலும் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். முதலில், நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ இளைத்துவிட்டாயா?

நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்க மாட்டேன். ஒரு பகல் முழுக்கப் பருத்திக் காட்டில் அதை நினைத்துக்கொண்டே நின்றேன். அன்றைக்குக் கிணற்று வழியாகவே வீட்டுக்குப் போனேன். அப்புறம் வேட்டி சட்டை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினாயே, அது நினைவு வந்தது. கல்யாணத்துக்கு வருகிறவன் அப்படியா எழுதுவான்? அவளை இடுப்பில் வைத்து நிலா காட்டியவன் நீ. உன்னை இடுப்பில் வைத்துக் காட்டியவள் நான். இரண்டு பிள்ளைகளையும் நானே எப்படிக் கொண்டுபோய் மணையில் உட்காரவைப்பேன்?

மாமனார் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து சொன்னேன்.

"மாமா, அந்தக் கடுதாசி பொய்யி. நாந்தான் எழுதச் சொன்னேன். அவன் கட்ட வரமாட்டான்."

"என்ன சொல்லுதே?"

"புள்ள படிக்கட்டும்னு பேச்சுக்கு எழுதச் சொன்னேன் மாமா."

அவர் சத்தம் போடவில்லை. "ஊரக் கூட்டிப் படிக்க வச்சேனட்டி" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பந்தல்காரனிடம் திரும்பி, "நீ போட வேண்டியதப் போடு. நாள் மாத்தாண்டாம். கயத்தாத்துக்கு ஆள் விடுதேன்" என்றார்.

வேலு கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டி வந்துவிட்டேன். கண்டக்டர், "எக்கா, கோயிலுக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவளுடைய வேதமணி டீச்சர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். டீச்சர் பள்ளிக்கூடத்தில் அவள் பேரை எடுக்கவிடாமல் வைத்திருந்தார்கள். நான் தீப்பெட்டி ஆபீஸில் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் வேலைக்குப் போகிறேன். கந்தக வாடைதான் சாப்பாட்டில்கூட வருகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. மாமனார் ஒரு தடவை ஆள் அனுப்பினார். பேத்தி வந்தால் வரட்டும், அவள் ஆத்தாள் வரவேண்டாம் என்று. சோலைச்சாமிக்கு இன்னும் வேறு பெண் பார்க்கவில்லையாம். வருஷம் திரும்ப இன்னும் நாள் இருக்கிறதாம்.

வேலு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். ஒரே ஒரு தடவை கேட்டாள். "மாமா வாரேன்னுதானே எழுதுனாவ? நீதானே வரவேண்டாம்னு தந்தி அடிச்சே?" ஆமாம் என்றேன். "படிக்கவைக்கேன்னு எழுதுனதும் பொய்யா?" என்றாள். அதற்கு நான் சொன்னது எதையும் அவள் கேட்கவில்லை. நேற்று டீச்சரிடம், தாத்தா வீட்டுக்கே போகிறேன், அங்கே யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவளைக் கட்டிப்போட முடியாது. நான் காலையில் ஆறு மணிக்கு ஆபீஸில் இருக்கவேண்டும்.

நாளைக்கு முதல் பரீட்சை, தமிழ். இங்கேதான் சென்டர், டீச்சர் வீட்டிலிருந்து வடக்கே போகவேண்டும். ஊருக்குப் போகிற பஸ் தெற்கே நிற்கிறது. பேனாவுக்கு மை ஊற்றி வைத்திருக்கிறேன். பாவாடை தாவணியைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறேன். அவள் இரண்டையும் பார்த்தாள்.

டீச்சரும் சீக்கிரம் போய்விடுவார்கள். அவள் தனியாகத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேருவதற்குள் நாளைக் காலை முடிந்து போயிருக்கும்.

குருவி, அவள் எந்தப் பக்கம் போவாள்?

அக்காள்
பெருமாயி